நாலு பாதையும் ஆக்டிவ் எண்டுதான் காட்டுது, ஆனா ஒவ்வொரு மத்தியானமும் டேட்டாபேஸ் உறைஞ்சு நிக்குது

உவர்மலை_தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில ஒரு நிறுவனத்தில ஐடி பாக்கிறன், ஒராள்தான், சேர்வர் நெட்வேர்க் கமெரா எல்லாம் என்ர தலையிலதான். மூண்டு கிழமையா ஒரு பிரச்சினை, நித்திரையே இல்லை, ஆராவது ஒரு வழி சொல்லுங்கோ.

எங்கட செட்டப் இதுதான். மூண்டு லினக்ஸ் சேர்வர், ஒரு ஸ்டோரேஜ், நடுவில ரெண்டு ஃபைபர் சேனல் (டிஸ்க் டேட்டாவை ஒளியிழையால கொண்டு போற நெட்வேர்க்) சுவிட்ச், எல்லாம் 8 கிகாபிட், பழசு, ஆனா இவ்வளவு காலமும் ஒரு குறையும் இல்லாம ஓடினது. ஒவ்வொரு சேர்வரிலயும் ரெண்டு எச்பிஏ (சேர்வரை அந்த நெட்வேர்க்கோட இணைக்கிற கார்ட்) போர்ட், ஒண்டு ஏ சுவிட்சுக்குப் போகுது மற்றது பி சுவிட்சுக்கு. ஸ்டோரேஜில ரெண்டு கொன்ட்ரோலர், ஒவ்வொண்டில இருந்தும் ஏ சுவிட்சுக்கு ஒரு கேபிள் பி சுவிட்சுக்கு ஒரு கேபிள். அப்ப ஒவ்வொரு டிஸ்குக்கும் ஒரு சேர்வரில இருந்து நாலு பாதை.

பகல் 2 மணிக்கு டேட்டாபேஸின்ர பேக்கப் கொப்பி ஒண்டு இதே ஸ்டோரேஜில எழுதத் தொடங்கும். தொடங்கிக் கொஞ்ச நேரத்தில டேட்டாபேஸ் அப்பிடியே உறைஞ்சு போகுது, அரை நிமிசம், சில வேளை ஒரு நிமிசம், பிறகு ஒண்டும் நடக்காத மாதிரி ஓடும், திரும்ப பத்து நிமிசத்தில அதே கதை. 3:30க்குள்ள நாலஞ்சு தரம். கவுண்டரில சனம் வரிசையில நிக்குது, உள்ள இருக்கிற பிள்ளையள் என்னைப் பாக்கினம்.

மல்டிபாத் (ஒரே டிஸ்குக்குப் போற பல பாதையையும் பாத்து நடத்திற லினக்ஸ் மென்பொருள்) நிலவரத்தை எடுத்துப் பாத்தா நாலு பாதையும் ஆக்டிவ், ரெடி. ரெண்டு சுவிட்சிலயும் எரர் கவுண்டரை சைபராக்கிப்போட்டு ரெண்டு நாள் விட்டுப் பாத்தன், எல்லா போர்ட்டும் சுத்தம். ஞாயிற்றுக்கிழமை ஆக்கள் இல்லாத நேரம் ஒவ்வொரு கேபிளாக் கழட்டிப் பாத்தன், ஃபெயிலோவர் வடிவா வேலை செய்யுது, சில செக்கனில மற்றப் பாதைக்கு மாறுது. கேபிளைக் கழட்டினா தானா மாறத் தெரிஞ்ச சாமானுக்கு, கேபிள் எல்லாம் குத்தி இருக்கேக்க ஏன் இப்பிடி நிக்குது எண்டுதான் எனக்கு விளங்கேல்லை. டிஸ்க் பிழையா, டேட்டாபேஸ் பிழையா, பாதை பிழையா, எங்க இருந்து தேடத் தொடங்கிறது?


கிண்ணியா_நானா:

தம்பி, முதல் ஒரு கேள்வி. இந்த உறையிறது மூண்டு சேர்வருக்கும் வருதா, இல்லாட்டி டேட்டாபேஸ் இருக்கிற ஒண்டுக்கு மட்டுமா? இத முதல் தெரிஞ்சு கொண்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ஒரு சேர்வருக்கு மட்டும் எண்டா அந்த சேர்வரின்ர எச்பிஏ, அதுல இருந்து சுவிட்ச் வரைக்குமான கேபிள், அவ்வளவுதான் தேட வேணும். மூண்டுக்கும் எண்டா மூண்டுக்கும் பொதுவான இடம் எங்க எண்டு பாருங்க, அது சுவிட்சா இருக்கும், இல்லாட்டி சுவிட்சில இருந்து ஸ்டோரேஜுக்குப் போற நாலு கேபிள்ல ஒண்டா இருக்கும்.

கேபிளைக் கழட்டிப் பாத்த டெஸ்ட நம்பி இருக்காதீங்க. எங்கட ஊர்ல பாதை எண்டா ஆக்களையும் வாகனத்தையும் ஏத்தி அக்கரைக்குக் கொண்டு போற மிதவைக்குத்தான் பேர், 2009ல கிண்ணியாப் பாலம் திறக்கமுன்ன திருமலைக்கு வாறதெண்டா அந்தப் பாதைதான் எங்களுக்கு. பாதை இண்டைக்கு ஓடாது எண்டு காலையிலயே சொல்லிட்டா பிரச்சினை இல்ல, கந்தளாய்ப் பக்கத்தால சுத்திப் போயிருவம், நேரம் கூட எடுக்கும் ஆனா போய்ச் சேருவம். ஓடுது எண்டு சொல்லி வரிசையில ஏத்தி வச்சு நடு ஆத்துல நிண்டா? சுத்தியும் போகேலாது, இறங்கவும் ஏலாது. உங்கட கேபிள்ல ஒண்டு அப்பிடித்தான் நிக்குது எண்டு நினைக்கிறன். கழட்டின கேபிள் செத்த கேபிள், செத்தத கண்டுபிடிக்கிறது எல்லாச் சாமானுக்கும் தெரியும்.


கரையோரம்77:

இதுக்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறியள். லினக்ஸில ஒவ்வொரு டிஸ்குக்கும் ஸ்கஸி டைம்அவுட் (டிஸ்குக்கு அனுப்பின கட்டளைக்குப் பதில் வர எவ்வளவு நேரம் காத்திருக்கிறது எண்ட அளவு) 30 செக்கன் எண்டு இருக்கும், அதை 5 ஆக்கி விடுங்கோ. அரை நிமிச உறைச்சல் 5 செக்கன் ஆகும், ஆருக்கும் தெரிய வராது. நாங்கள் அப்பிடித்தான் செய்தனாங்கள்.


உவர்மலை_தம்பி:

நானா, நீங்கள் கேட்ட பிறகுதான் மற்ற ரெண்டு சேர்வரின்ர லொக்கையும் (நடந்ததைப் பதிஞ்சு வைக்கிற குறிப்பை) போய்ப் பாத்தன், மூண்டுக்கும் வருது! மற்ற ரெண்டிலயும் பெரிசா எழுதிற வேலை இல்லாதபடியால ஆரும் கவனிக்கேல்லை, ஆனா லொக்கில இருக்குது. ஒரு பாதை ஃபெயில்ட் எண்டு வருது, கொஞ்ச செக்கனில அதே பாதை ரீஇன்ஸ்டேட்டட் (திரும்ப வேலைக்கு எடுத்தாச்சு) எண்டு வருது, பத்து நிமிசத்தால திரும்ப ஃபெயில்ட், திரும்ப ரீஇன்ஸ்டேட்டட். நான் மல்டிபாத் நிலவரத்தைப் பாக்கிற நேரமெல்லாம் அது திரும்ப ஆக்டிவ் ஆகி இருந்திருக்கு, அதாலதான் எனக்குத் தெரியேல்லை. மூண்டு சேர்வரிலயும் விழுந்தெழும்பிறது பி சுவிட்ச் வழியா கொன்ட்ரோலர் ஒண்டுக்குப் போற பாதைதான்.

ஆனா நானா, அந்தப் பாதையில இருக்கிற சுவிட்ச் போர்ட்டில ஒரு எரரும் இல்லை, ஸ்டோரேஜ் குத்தி இருக்கிற போர்ட்டும் சைபர், சேர்வர் குத்தி இருக்கிற போர்ட்டும் சைபர். அப்ப எங்கதான் பிழை?


மாலைக்கடல்:

தம்பி, நான் கன வருசம் ஸ்டோரேஜ் வேலை செய்தனான், இப்ப உப்புவெளியில வீட்டில இருந்து செய்யிறன். நீங்கள் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். கொஞ்சம் நீளமா எழுதிறன், பொறுமையா வாசியுங்கோ, ஏனெண்டா உங்கட கேசில ஒவ்வொரு துண்டும் ஒண்டோட ஒண்டு பொருந்துது.

முதல் உங்கட சைபர் கணக்கு. ஃபைபர் கேபிள் எண்டு நாங்கள் ஒண்டாச் சொன்னாலும் உள்ள ரெண்டு இழை, ஒண்டு போக ஒண்டு வர. ஒரு போர்ட் தனக்கு வந்து சேர்ந்த வெளிச்சத்தில இருக்கிற பிழையைத்தான் எண்ணும், தான் அனுப்பினது அக்கரையில எப்பிடிப் போய்ச் சேர்ந்தது எண்டு அதுக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் சுவிட்சின்ர கவுண்டரை மட்டும் பாத்தனீங்கள், அது ஸ்டோரேஜில இருந்து சுவிட்சுக்கு வாற இழை சுத்தம் எண்டு மட்டும்தான் சொல்லுது. சுவிட்சில இருந்து ஸ்டோரேஜுக்குப் போற இழையின்ர கணக்கு ஸ்டோரேஜிட்டத்தான் இருக்கும். கொன்ட்ரோலரின்ர போர்ட் புள்ளிவிவரம் எண்டு ஒரு பக்கம் மனேஜ்மென்டில இருக்கும், அதில இன்வலிட் சிஆர்சி (சரிபார்ப்பு இலக்கம் பொருந்தாம கெட்டு வந்த டேட்டாத் துண்டுகளின்ர எண்ணிக்கை) எண்டதைப் பாருங்கோ. இப்ப இருக்கிற இலக்கத்தை எழுதி வையுங்கோ, அந்தப் பாதை வேலையில இருக்கிற நாளில 2 மணிக்கு ஒருக்கா 3 மணிக்கு ஒருக்கா பாத்து எவ்வளவு கூடியிருக்கு எண்டு கழிச்சுப் பாருங்கோ. மொத்த இலக்கத்தை வச்சு ஒண்டும் சொல்லேலாது, அது ரெண்டு வருசத்துக்கு முந்தி ஆரோ கேபிள் மாத்தினதையும் சேத்து வச்சிருக்கும். சேர்வர் பக்கத்திலயும் எச்பிஏயின்ர கவுண்டர் லினக்ஸில சிஸ் டிரெக்டரிக்குள்ள எஃப்சி ஹோஸ்ட் எண்டதுக்குக் கீழ இருக்கும், அது ஹெக்ஸ் (பதினாறை அடியாக் கொண்ட) கணக்கில எழுதியிருக்கும், முழுக்க எஃப் எஃப் எண்டு இருந்தா அந்தக் கவுண்டரை டிரைவர் தரேல்லை எண்டு அர்த்தம், பயந்து போகாதீங்கோ.

அடுத்தது, ஏன் மத்தியானம் மட்டும். ஃபைபர் சேனல் லிங் சும்மா இருக்கேக்கயும் வெளிச்சம் ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஃபிரேம் (டேட்டாவை ஏத்திற பொதி) இல்லாத நேரம் ஐடில் சொல் (வெறும் நிரப்பல்) ஓடும். பிட் கெட்டுப் போறது இரவு பகல் எல்லா நேரமும் நடக்கும், ஆனா ஐடிலில அடி விழுந்தா ஆருக்கும் நட்டமில்லை. 2 மணிக்கு ஆயிரக்கணக்கில ஃபிரேம் ஓடத் தொடங்கினவுடன அதே அடி ஃபிரேமில விழுது. 2 மணிக்கு வருத்தம் வரேல்லை, வருத்தம் எப்பவும் இருந்தது, 2 மணிக்குத்தான் வெளியில தெரியுது.

எவ்வளவு பிழை வரலாம் எண்டும் ஒரு அளவு இருக்கு. ஃபைபர் சேனல் தரம் கேக்கிறது 1 லட்சம் கோடி பிட்டுக்கு 1 பிட்டுக்கு மேல கெடக் கூடாது எண்டு. 8 கிகாபிட் லிங்கில ஒரு செக்கனுக்கு 850 கோடி பிட் ஓடுது, அப்ப கணக்குப் பாத்தா கடைசி எல்லையில நிக்கிற லிங்கில ரெண்டு நிமிசத்துக்கு ஒண்டு வரலாம். நல்ல லிங் இதை விட எவ்வளவோ திறமா இருக்கும், நாள்கணக்கில சைபர்தான் காட்டும். உங்கட ஸ்டோரேஜ் போர்ட்டில செக்கனுக்கு ஒண்டு ரெண்டு எண்டு ஏறினாலே அது வருத்தக்கார லிங்.

இப்ப முக்கியமான கேள்விக்கு வாறன், ஏன் அரை நிமிசம். ஃபைபர் சேனலில டிஸ்குக்குப் போற டேட்டா கிளாஸ் 3 எண்ட முறையில போகுது, அதில ஒரு ஃபிரேம் கெட்டுப் போனா அதைத் திரும்ப அனுப்பு எண்டு கேக்க ஆருமே இல்லை. இன்டர்நெட்டில டிசிபி துலைஞ்சதைத் திரும்ப அனுப்பும், இங்க அது கிடையாது, சிஆர்சி பொருந்தேல்லை எண்டா தூக்கி எறிஞ்சுபோட்டுப் பேசாம இருக்கும். ஒரு ஃபிரேமுக்குள்ள ஆகக் கூடினது 2112 பைட் டேட்டா போகலாம், வழக்கமா 2048 பைட்தான் போகும், அப்ப 1 மெகாபைட் எழுதிறதெண்டா 512 ஃபிரேம். அதில ஒண்டே ஒண்டு கெட்டா முழுக் கட்டளையும் தொங்கும். ஸ்டோரேஜ் நினைக்குது டேட்டா இன்னும் வந்துகொண்டிருக்கு எண்டு, அது காத்திருக்கு. சேர்வர் நினைக்குது நான் எல்லாம் அனுப்பிட்டன் பதில் வரும் எண்டு, அதுவும் காத்திருக்கு. ரெண்டு பேரும் வாய் திறக்காம 30 செக்கன் நிப்பினம், அதுக்குப் பிறகுதான் ஸ்கஸி டைம்அவுட் அடிச்சு, கட்டளையைக் கைவிட்டு, மல்டிபாத் அதை மற்றப் பாதையால அனுப்பும். டேட்டாபேஸ் தன்ர லொக் (பதிவேடு) எழுத்து ஒண்டு முடியிற வரைக்கும் மற்ற எல்லாரையும் நிப்பாட்டி வைக்கிறது, அப்ப அந்த ஒரு ஃபிரேமுக்காக முழுக் கவுண்டரும் நிக்குது. வாசிக்கிற டேட்டாவில இதே அடி விழுந்தா கதை வேற, ஸ்டோரேஜ் முடிஞ்சுது எண்டு பதில் அனுப்பின உடனயே எச்பிஏ எண்ணிப் பாத்து டேட்டா குறையுது எண்டு கண்டுபிடிச்சிடும், உடன திரும்பக் கேக்கும், ஆருக்கும் தெரியாது. உங்களுக்கு எழுதேக்க மட்டும் அடி விழுது, முழு அரை நிமிசம் நிக்குது, சுவிட்ச் கவுண்டர் சைபர், மூண்டு சேர்வரிலயும் வருது. நாலையும் சேத்துப் பாத்தா பி சுவிட்சில இருந்து கொன்ட்ரோலர் ஒண்டுக்குப் போற அந்த ஒரு இழை எண்டுதான் என்ர கை நீட்டுது.

பாதை ஏன் உடன திரும்ப ஆக்டிவ் ஆகுது எண்டால், மல்டிபாத் பாதையைச் சோதிக்க அனுப்பிறது டெஸ்ட் யூனிட் ரெடி எண்ட கட்டளை. 5 செக்கனுக்கு ஒருக்கா உயிரோட இருக்கிறியோ எண்டு கேக்கிற மாதிரி, டேட்டா ஒண்டுமே இல்லாத குட்டிக் கட்டளை. வருத்தக்காரன் படுத்த இடத்தில இருந்து ஓம் எண்டு சொல்லுவான், அதுக்காக அவன்ர தலையில நெல்லு மூட்டை ஏத்தலாமோ? குட்டிக் கட்டளை தப்பிப் போய்ச் சேர்ந்திடும், பதில் வரும், மல்டிபாத் நம்பி உள்ள எடுக்கும், திரும்ப 512 ஃபிரேமை ஏத்தும்.

கரையோரம்77 சொன்னதுக்கு ஒரு வார்த்தை. டைம்அவுட்டை 5 ஆக்காதீங்கோ தம்பி. ஸ்டோரேஜ் கொன்ட்ரோலர் ஒண்டு விழுந்து மற்றது பொறுப்பெடுக்கிற நேரம், இல்லாட்டி ஃபேர்ம்வேர் ஏத்திற நேரம், நல்ல பாதையிலயே பத்து இருபது செக்கன் பதில் வராம இருக்கலாம். அப்ப 5 செக்கனில எல்லாப் பாதையையும் ஃபெயில் ஆக்கி ஃபைல்சிஸ்டத்தை வாசிக்க மட்டும் எண்டு மாத்தி விட்டுடும், அரை நிமிச உறைச்சல் அரை நாள் வேலை ஆகும். ஸ்டோரேஜ் செய்த கொம்பனி தன்ர கைநூலில ஒரு அளவு சொல்லியிருக்கும், அதுக்குக் கீழ போகாதீங்கோ. அதோட டைம்அவுட்டைக் குறைச்சா பிழை போகாது, கண்ணுக்குத் தெரியாம மட்டும் போகும், இது எனக்கு உண்மையிலயே பயமான விசயம்.

இப்ப செய்ய வேண்டியது. இண்டைக்கே, 2 மணிக்கு முதல், பி சுவிட்சில அந்த ஸ்டோரேஜ் போர்ட்டை டிசேபிள் பண்ணி விடுங்கோ. உங்களுக்கு இன்னும் மூண்டு பாதை இருக்கு. செய்யமுன்ன மூண்டு சேர்வரிலயும் மற்ற மூண்டு பாதையும் உண்மையா நிக்குதா எண்டு பாத்துப்போட்டுச் செய்யுங்கோ. வருத்தப் பாதையை விட இல்லாத பாதை எவ்வளவோ நல்லது, இல்லாததை மல்டிபாத் ஒரு நொடியில விளங்கிக் கொள்ளும். நாளைக்கு உறையேல்லை எண்டா இடம் பிடிபட்டுது. பிறகு ஆறுதலா கேபிளைப் பாப்பம். ஒரு கேள்வி, இந்த மூண்டு கிழமைக்கு முந்தி ஆராவது அந்த ராக்கில கை வச்சவையோ?


உவர்மலை_தம்பி:

அக்கா, நேற்று 1:40க்கு போர்ட்டை டிசேபிள் பண்ணினன். நேற்றும் இல்லை இண்டைக்கும் இல்லை, ஒரு தரம் கூட உறையேல்லை. என்னண்டு நன்றி சொல்லிறது எண்டு தெரியேல்லை.

டிசேபிள் பண்ண முதல் கொன்ட்ரோலரின்ர போர்ட் கணக்கை எடுத்து வச்சன், இன்வலிட் சிஆர்சி 41 ஆயிரத்துக்கு மேல, மற்ற மூண்டு போர்ட்டும் சைபர். நான் மூண்டு கிழமையா சுவிட்சை மட்டும் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறன்.

ராக்கில கை வச்சது நாங்கள்தான். மாரி மழைக்கு கடல் பக்கச் சுவரால ஈரம் இறங்கத் தொடங்கினது, அதால ராக்கை உள்ளறைக்கு மாத்தினாங்கள், அது நடந்து சரியா மூண்டு கிழமையும் சில நாளும். அண்டைக்குக் கேபிள் எல்லாம் கழட்டி நிலத்தில கிடந்தது, தூசி மூடி எல்லாத்துக்கும் போடேல்லை எண்டு நினைக்கிறன், எனக்கு அது அவ்வளவு முக்கியம் எண்டு தெரியாது. ஒரு கேபிள் நீளம் காணாம போச்செண்டு ஸ்டோரில கிடந்த செம்மஞ்சள் நிறக் கேபிள் ஒண்டைக் குத்தினனான், மற்றதெல்லாம் நீலப்பச்சை நிறம். இப்ப பாத்தா அந்தச் செம்மஞ்சள் கேபிள்தான் இந்தப் பாதை.


மாலைக்கடல்:

ஆ, அதுதான் தம்பி. நீலப்பச்சை எண்டா ஓஎம்3 இல்லாட்டி ஓஎம்4 (ஓஎம் எண்டது ஃபைபர் கேபிளின்ர தர வகை), நடு இழையின்ர விட்டம் 50 மைக்ரோன். செம்மஞ்சள் எண்டா பழசு, ஓஎம்2 எண்டா 50, ஓஎம்1 எண்டா 62.5 மைக்ரோன், கேபிளின்ர தோலிலயே அச்சடிச்சிருக்கும், டோர்ச் அடிச்சு வாசியுங்கோ. 62.5 எண்டு இருந்து, நடுவில பச் பனலில (கேபிள்களை இடையில இணைக்கிற பலகை) 50 கேபிளோட பொருத்தியிருந்தா, அகலமான இழையில இருந்து ஒடுக்கமான இழைக்கு வெளிச்சம் போகேக்க ஓரத்து வெளிச்சம் வெளியில சிந்திப் போகும். ஒடுக்கத்தில இருந்து அகலத்துக்குப் போகேக்க சிந்தாது. ஒரு பக்கம் மட்டும் வருத்தம் எண்டதுக்கு இதைவிட வடிவான காரணம் தேவையில்லை. ஓஎம்2 எண்டாலும் 8 கிகாபிட்டுக்கு 50 மீட்டர்தான், ஓஎம்3 எண்டா 150 மீட்டர் போகும். உங்கட ராக்குக்குள்ள நீளம் ஒரு பிரச்சினை இல்லை, ஆனா நிலத்தில கிடந்த முனை பிரச்சினை. அந்த முனையில ஒரு தூசி குந்தினா எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ, எங்கட ஊர் காத்தில உப்பும் ஈரமும் வேற, தூசி சும்மா குந்தாது, ஒட்டிக்கொள்ளும்.

எஸ்எஃப்பியின்ர (போர்ட்டுக்குள்ள குத்தி இருக்கிற, வெளிச்சத்தை அனுப்பி வாங்கிற சின்னத் துண்டு) வெளிச்ச அளவையும் பாருங்கோ, சுவிட்சிலயும் ஸ்டோரேஜிலயும் டிபிஎம் (வெளிச்ச வலுவின்ர அலகு) கணக்கில காட்டும். ஒரு அந்தத்தில அனுப்பின அளவு, மற்ற அந்தத்தில வந்த அளவு, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம். 3 டெசிபெல் குறைஞ்சா பாதி வெளிச்சம் போச்செண்டு அர்த்தம். பக்கத்தில இருக்கிற நல்ல பாதையோட வச்சுப் பாத்தா உங்களுக்கே விளங்கும்.

துடைக்கேக்க ஒண்டு கவனம், வாயால ஊதாதீங்கோ, எச்சில் ஈரம் போய் ஒட்டும். சேட்டால துடைக்காதீங்கோ. கிளிக் பண்ணிற பேனை மாதிரி கிளீனர் ஒண்டு இருக்கு, கேபிள் முனையையும் துடைக்கலாம் எஸ்எஃப்பியின்ர ஓட்டைக்குள்ளயும் விட்டுத் துடைக்கலாம், ரெண்டையும் துடைக்கோணும், ஒண்டைத் துடைச்சுப்போட்டு அழுக்கு ஓட்டைக்குள்ள குத்தினா திரும்ப அழுக்காகும். வெளிச்சம் ஓடிற முனையைக் கண்ணுக்கு நேர பிடிச்சுப் பாக்கவே கூடாது, அது 850 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாது, ஆனா கண்ணுக்குள்ள போகும்.

இனி மல்டிபாத் பக்கம். இந்தக் கேபிள் சரியாகிடும், ஆனா அடுத்த கேபிள் ஒரு நாள் இப்பிடி வரும், அண்டைக்கு நீங்கள் லீவில நிப்பீங்கள். சான் பாத் எரர் எண்டு தொடங்கிற மூண்டு அளவு மல்டிபாத் கொன்ஃபிக்கில இருக்கு, திரெஷோல்ட், ஃபொர்கெட் ரேட், ரிகவரி டைம். ஒரு பாதை உண்மையான வேலையில எத்தினை தரம் விழுந்தது எண்டு எண்ணி, அளவுக்கு மேல போனா சோதனைக் கட்டளை ஓம் எண்டு சொன்னாலும் ரிகவரி டைம் முடியிற வரைக்கும் உள்ள எடுக்காது. மூண்டையும் போட்டாத்தான் வேலை செய்யும். மற்ற எல்லாப் பாதையும் செத்துப் போச்செண்டா அப்ப மட்டும் இதை உள்ள எடுக்கும், அது நல்ல புத்தி. மார்ஜினல் பாத் எண்டு நாலு அளவோட இன்னொரு முறையும் இருக்கு, அது ஒரு பாதை கிட்டக்கிட்ட ரெண்டு தரம் விழுந்தா வெளியில எடுத்து வச்சு, குறைஞ்சது 120 செக்கனுக்கு, செக்கனுக்கு 10 தரம் வாசிச்சு வாசிச்சு ஆயிரத்துக்கு எத்தினை பிழை எண்டு பாக்கும். கெட்டித்தனமான முறைதான், ஆனா கவனியுங்கோ, அது சோதிக்கிறது வாசிச்சு. உங்கட கேபிளில வாசிக்கிற பக்கம் சுத்தம், எழுதிற பக்கம்தான் வருத்தம், அது பாஸ் பண்ணி உள்ள வந்திருக்கும். அதால உங்களுக்கு நான் சொல்லிறது முதலாவது முறை. ரெண்டையும் ஒரே நேரத்தில போடாதீங்கோ.

புதுத் தலைமுறை சுவிட்சும் எச்பிஏயும் எண்டா ஃபேப்ரிக்கே (சுவிட்சுகள் சேர்ந்த வலையே) சேர்வருக்குச் செய்தி அனுப்பும், இந்த லிங்கின்ர நேர்மை சரியில்லை எண்டு, எஃப்பின் எண்டு சொல்லுவினம், அதைக் கேட்டு மல்டிபாத் அந்தப் பாதையைக் கடைசி வரிசையில போடும். 8 கிகாபிட் சாமானில அது கிடைக்காது, சாமான் மாத்திற நேரம் வந்தா கேட்டு வாங்குங்கோ.


கிண்ணியா_நானா:

அக்கா சொன்னதுல எனக்கும் ஒரு பாடம் இருந்துச்சு. நான் பாக்கிறது ஐஸ்கஸி (சாதாரண நெட்வேர்க்கால டிஸ்க் டேட்டாவை அனுப்பிற முறை), அங்க பிழை இப்பிடி உறையாது, டிசிபி திரும்பத் திரும்ப அனுப்பிச் சமாளிச்சிரும், அதால எல்லாம் மெல்ல மெல்ல இழுபடும், ஆரும் கேபிள சந்தேகப்பட மாட்டாங்க, டிஸ்க் காணாது எண்டு சொல்லிப் புதுசு வாங்கப் போவாங்க. நெட்ஸ்டாட் கட்டளைல ரீட்ரான்ஸ்மிட் (திரும்ப அனுப்பின) கணக்கு ஏறுதா எண்டு பாத்தாத்தான் தெரியும். மல்டிபாத் இருக்கிற இடத்துல ஐஸ்கஸியின்ர ரீப்ளேஸ்மென்ட் டைம்அவுட் 120 செக்கன்லயே கிடந்தா ரெண்டு நிமிசம் மற்றப் பாதைக்கு விடாது, அத 5, 10 எண்டு குறைச்சுக்கொள்ளலாம், இது அக்கா வேணாம் எண்டு சொன்ன டைம்அவுட் இல்ல, இது வேற.

இன்னொண்டு தம்பி, உங்கட ஏ சுவிட்சும் பி சுவிட்சும் ஒரே யூபிஎஸ்லயா? நான் ஒரு இடத்துல ரெண்டு சுவிட்ச் ரெண்டு கேபிள் எல்லாம் வடிவா வச்சிட்டு ஒரே யூபிஎஸ்ல குத்தி வச்சிருந்தத பாத்தன், கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கமுன்ன அந்த யூபிஎஸ் படுத்தா நாலு பாதையும் ஒண்டாப் போகும். ராக் மாத்தினபோது அதையும் ஒரே பிளக்ல குத்தினீங்களோ தெரியா, பாருங்க.


கரையோரம்77:

நான் டைம்அவுட் குறைக்கச் சொன்னது பிழைதான், அக்கா சொன்னதை வாசிச்சுப்போட்டு எங்கட இடத்திலயும் திரும்ப 30 ஆக்கிட்டன். எங்கட கொன்ட்ரோலர் போர்ட்டையும் பாத்தன், ஒண்டில சிஆர்சி மெல்ல ஏறுது. ஒரு கேள்வி, சுவிட்சிலயே போர்ட் ஃபென்சிங் எண்டு இருக்குதுதானே, எரர் கூடினா தானா போர்ட்டை அடைச்சு விடும், அதைப் போட்டு விட்டா காணாதோ?


மாலைக்கடல்:

சேர்வர் குத்தி இருக்கிற போர்ட்டுக்குப் போடலாம், மற்றப் பாதை இருக்கிற வரைக்கும் நட்டமில்லை. ஆனா உவர்மலைத் தம்பியின்ர கேசில அது ஒண்டும் செய்திருக்காது, சுவிட்ச் போர்ட் எண்ணினது சைபர்தானே, பிழை அக்கரையில. சுவிட்சுக்குச் சுவிட்ச் போற லிங்கில போடிறதெண்டா நல்லா யோசிச்சுப் போடுங்கோ. ரெண்டு லிங் இருந்து ஒண்டு அடைபட்டா சுவிட்சுகள் தாங்களே எஃப்எஸ்பிஎஃப் (ஆகக் கிட்டின பாதையைத் தேடிற) கணக்குப் போட்டு மற்ற லிங்கால திருப்பி விடும், ஆனா மிச்சம் இருக்கிற ஒண்டிலயும் எரர் கூடினா ஃபென்சிங் அதையும் அடைச்சு ஃபேப்ரிக்கை ரெண்டாப் பிரிச்சு விடும், அண்டைக்கு வருத்தப் பாதையாவது இருந்திருக்கலாமே எண்டு இருக்கும்.


உவர்மலை_தம்பி:

அக்கா, நானா, கடைசி நிலவரம். செம்மஞ்சள் கேபிள் 62.5 தான், தோலில அச்சடிச்சு இருந்தது, நடுவில பச் பனலும் இருக்கு. கொழும்பில இருந்து ஓஎம்3 கேபிள் நேற்று பஸ்ஸில வந்தது. குத்தமுன்ன ஸ்டோரேஜுக்கு வந்து சேர்ந்த வெளிச்சத்தைப் பாத்தன், பக்கத்துப் போர்ட்டை விட 5 டெசிபெல் குறைவு. புதுக் கேபிள் குத்தின பிறகு ஒரு டெசிபெல்லுக்கும் குறைவான வித்தியாசம்தான். போர்ட்டை எனேபிள் பண்ணி, கவுண்டரைச் சைபராக்கி, ஆக்கள் போன பிறகு பேக்கப் கொப்பியைக் கையால ரெண்டு தரம் ஓட விட்டன். ரெண்டு மணித்தியாலத்துக்குப் பிறகும் சிஆர்சி சைபர். இண்டைக்கு 2 மணிக்கும் ஒரு உறைச்சலும் இல்லை. சான் பாத் எரர் மூண்டும் மூண்டு சேர்வரிலயும் போட்டாச்சு, லொக்கில ஃபெயில்ட் எண்டு வந்தா எனக்கு மெயில் வாற மாதிரி ஒரு சின்ன ஸ்கிரிப்டும் எழுதி வச்சிட்டன்.

நானா, யூபிஎஸ் நீங்கள் சொன்ன மாதிரித்தான், ரெண்டு சுவிட்சும் ஒரே யூபிஎஸ். சனிக்கிழமை பி சுவிட்சை மற்ற யூபிஎஸ்ஸுக்கு மாத்திறன்.

இன்னும் ஒண்டுதான் மிச்சம், அந்த கிளிக் கிளீனர். மற்றக் கேபிள் முனையளும் அண்டைக்கு நிலத்தில கிடந்ததுதானே, அதுகளையும் சனிக்கிழமையே துடைச்சுப்போட்டா நல்லம் எண்டு நினைக்கிறன், ஆனா திருமலையில கேட்ட கடை ஒண்டிலயும் இல்லை.


மாலைக்கடல்:

என்னட்ட ஒண்டு இருக்கு தம்பி, இன்னும் நூறு இருநூறு தரம் துடைக்கலாம். வெள்ளிக்கிழமை பின்னேரம் கோணேசர் கோயிலுக்கு வருவன், கோட்டை வாசலில வந்து வாங்குங்கோ. துடைச்ச ஒவ்வொரு முனைக்கும் முன்னும் பின்னும் வெளிச்ச அளவை எழுதி இங்க போடுங்கோ, கரையோரம் தம்பிக்கும் உதவும்.